ஆன்லைன் கேசினோவில் போட்ட பணமும் அவர்கள் கேட்கும் ஆவணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கடைசி சில வருடங்கள் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். மதியம் கூட்டம் குறைந்த பிறகு மெதுவாக வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள். பனியன் கம்பெனி சூப்பர்வைசர், கல்லூரிப் பையன், ஒருமுறை ஒரு டீச்சரம்மா. ஆன்லைன் கேசினோவில் போட்ட பணம் திரும்ப வரவில்லை, ஆவணம் மேல் ஆவணம் கேட்கிறார்கள், என்ன செய்வது என்பார்கள். இன்றும் உறவுக்காரர்கள் போனில் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டுத் தவிப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் நினைத்து எழுதியது இது.

ஆன்லைன் கேசினோவுக்குப் பணம் கட்டுறது, கடையில ஜிபே பண்ற மாதிரிதானே சார்?

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. மளிகைக் கடையில் ஸ்கேன் செய்யும்போது அந்தக் கடை வங்கியில் வியாபாரியாகப் பதிவாகியிருக்கும். என்ன தொழில் என்பதற்கு ஒரு நான்கு இலக்க எண் உண்டு. சூதாட்டம், பந்தயம், கேசினோ சில்லு (பணத்துக்குப் பதிலாக ஆட்டத்தில் வைக்கும் வில்லை) எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்க 7995 என்ற எண். அந்த எண்ணோடு ஒருவன் வந்தால் அவன் யார், உரிமம் இருக்கிறதா என்று வங்கி கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து இயங்கும் கேசினோ தளத்துக்கு இந்தியாவில் அந்தப் பதிவு கிடைக்காது. ஆகவே அது முன்வாசல் வழியாக வருவதில்லை. எவரோ ஒரு தனி மனிதரின் யுபிஐ ஐடியையோ, துணிக்கடை, டிராவல்ஸ் என்று சொல்லித் திறந்த கணக்கையோ உங்களுக்குக் காட்டுகிறது. நீங்கள் பணம் அனுப்புவது அந்த ஆளுக்கு. தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே ஏறும் எண், அவர்கள் சர்வரில் அவர்களே எழுதிக்கொள்ளும் எண். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் வருதே? நேத்து ஒரு பொம்பளை பேரு, இன்னைக்கு ஏதோ டிரேடர்ஸ்னு.

அவை வாடகைக் கணக்குகள். சைபர் போலீஸ் இவற்றை மியூல் அக்கவுண்ட் என்பார்கள். கமிஷனுக்காகத் தன் கணக்கையும், சிம்மையும், ஏடிஎம் கார்டையும் இன்னொருவனிடம் கொடுத்தவர்களின் கணக்கு. புகார் வந்து ஒன்று முடங்கினால் அடுத்த கணக்கைக் காட்டுவார்கள். "இந்த ஐடி 10 நிமிடம் மட்டுமே செல்லும், பழைய ஐடிக்கு அனுப்பாதீர்கள்" என்று திரையில் வருவதற்குக் காரணம் அதுதான்.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, பணம் அனுப்பியதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரத்தில் கேசினோவின் பெயரே இருக்காது. யாரோ ஒருவருக்கு நீங்கள் விரும்பி அனுப்பியதாகத்தான் ஸ்டேட்மென்ட் சொல்லும். இரண்டு, அதே கணக்கில் வேறு மோசடிகளில் ஏமாந்தவர்களின் பணமும் வந்து போகும். அந்தக் கண்ணியில் உங்கள் கணக்கும் ஒன்றாகிவிடுகிறது. இதன் விளைவைக் கணக்கு முடக்கம் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

இது சட்டப்படி தப்பா சரியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு சட்டம் பொருந்தும். முதலாவது மாநிலச் சட்டம். இணையவழி சூதாட்டத்தைத் தடை செய்யும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்திருந்த பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. மற்றதெல்லாம் நிலைத்தது. ரூலெட், ஸ்லாட் போன்ற கேசினோ ஆட்டங்கள் முழுக்க அதிர்ஷ்டத்தில் நடப்பவை, ஆகவே அவை தடையில்தான் இருக்கின்றன. ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இரண்டாவது மத்தியச் சட்டம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சே இல்லாமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கும், அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவருக்கும் 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 வருடம், 50 லட்சம். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. "மத்தியச் சட்டத்தில் ஆடுபவனுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் மாநிலச் சட்டத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பே அன்னியச் செலாவணி விதிகளில் லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயம் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது தடைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் கார்டை வெளிநாட்டுக் கேசினோ தளத்தில் வங்கி மறுப்பதை வங்கியின் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

கேஒய்சின்னா என்ன? பேங்க்ல கேட்கிறதும் இவங்க கேட்கிறதும் ஒண்ணா?

வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள்வதுதான் கேஒய்சி. 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் அதை வங்கிகளுக்குக் கடமையாக்கியது. ஒழுங்காக நடக்கும் கேசினோவும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். திருட்டுப் பணத்தைக் கொண்டு வந்து சில்லாக மாற்றி, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, ஜெயித்த பணம் என்று வெளுத்து எடுத்துப் போவது பழைய தந்திரம். அதைத் தடுக்கத்தான் மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: ஆள் யார், வயது ஆகிவிட்டதா, பணம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து வருகிறதா. அதனால்தான் எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில் திருப்பித் தருவார்கள். அடுத்தவர் கார்டில் கட்டியதை ஏற்க மாட்டார்கள்.

வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பார்க்க ஒரு முறை உண்டு. நிறுவனம் உங்கள் கணக்குக்கு 1 ரூபாய் போடும், வங்கி திருப்பிக் காட்டும் பெயரை உங்கள் பான் கார்டோடு ஒப்பிடும். கவனியுங்கள், பணம் உங்களை நோக்கி வருகிறது. "கணக்கைச் சரிபார்க்க 2,000 ரூபாய் அனுப்பு, உடனே திரும்ப வரும்" என்று ஒருவன் சொன்னால் அது சரிபார்ப்பு இல்லை. அவனுக்கு நீங்கள் யார் என்பதில் அக்கறையும் இல்லை.

பணம் போடும்போது ஒண்ணும் கேட்கல. எடுக்கும்போது மட்டும் ஆதார், பான், செல்ஃபி, கரண்ட் பில் எல்லாம் கேட்கிறான். முறையா இது?

முறை இல்லை. எனக்கு இந்த விஷயத்தில்தான் கோபம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க பிரிட்டனை எடுத்துக்கொள்ளலாம், அங்கே ஆன்லைன் கேசினோ உரிமத்தோடு நடக்கிறது. முன்பெல்லாம் அங்கேயும் பணத்தை வாங்கிக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் வயதைச் சரிபார்த்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். 2019 மே மாதத்திலிருந்து அது மாறிவிட்டது. ஆள் யார், வயது என்ன என்று தெரியாமல் ஆடவே விடக் கூடாது. முன்கூட்டியே கேட்டிருக்கக் கூடிய ஆவணத்தை, பணம் எடுக்கும்போது புதிதாகக் கேட்டு இழுக்கவும் கூடாது.

பணம் போட ஒரு நிமிடம், எடுக்க ஏழு ஆவணம் என்று வைத்திருக்கும் தளம் திட்டமிட்டுத்தான் அப்படி வைத்திருக்கிறது. ஆதார் கொடுத்தால் ஓரம் தெரியவில்லை என்பார்கள். திரும்ப எடுத்து அனுப்பினால் பான் கார்டில் இனிஷியல் மாறியிருக்கிறது என்பார்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஒரு அட்டையில், பின்னால் இன்னொரு அட்டையில் இருப்பது சகஜம், அதையே பிடித்துக்கொள்வார்கள். இப்படி ஒரு வாரம் ஓடும்போது தளத்தில் இருக்கும் தொகையை நீங்களே மறுபடி ஆடித் தீர்த்துவிடுவீர்கள் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அப்படியேதான் நடக்கிறது.

ஆதார், பான் போட்டோ எல்லாம் அனுப்பிட்டேன் சார். இப்ப பயமா இருக்கு.

பயந்து உட்காராமல் இன்றைக்கே சில வேலைகளைச் செய்யுங்கள். ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவற்றில் ஒன்றான சிபிலின் அறிக்கையை எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையைப் பாருங்கள். கடன் ஆப்பில் உங்கள் பான் எண்ணைப் போட்டு யாராவது வாங்கியிருந்தால் தெரிய கொஞ்ச நாள் ஆகும்.

இனி எங்கு ஆதார் கொடுத்தாலும் முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிவிடுங்கள். அப்புறம், ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த செல்ஃபி, தலையை இடமும் வலமும் திருப்பும் வீடியோ இவற்றை ஊர் பேர் தெரியாத தளத்துக்கு அனுப்பவே வேண்டாம். அட்டையின் எண்ணைக் காட்டிலும் முகத்தோடு சேர்ந்த படம் மோசடிக்காரனுக்கு அதிகம் பயன்படும்.

வெரிஃபிகேஷன்னு வீடியோ கால் வந்து ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்றாங்க.

உடனே துண்டியுங்கள். ஸ்கிரீனைக் காட்டினால் ஓடிபியும் தெரியும், வங்கி இருப்பும் தெரியும். பிளே ஸ்டோரில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பை ஏற்கெனவே போட்டிருந்தால், அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் வாங்கியிருக்கலாம். முதலில் அந்த ஆப்பை நீக்குங்கள். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள்.

எனக்கு வயசு 17. அப்பா ஆதாரைப் போட்டு அக்கவுண்ட் திறந்தேன். ஜெயிச்ச பணத்தை எடுக்க முடியுமா?

ஒரு பையன் உண்மையிலேயே இப்படிக் கேட்டான், ஒளிக்காமல் கேட்டதற்கு அவனைப் பாராட்டினேன். எடுக்க முடியாது தம்பி. அப்பா பெயரில் கணக்கு, உன் முகத்தில் செல்ஃபி. எந்தச் சரிபார்ப்பிலும் இது தேறாது. தளம் நேர்மையானதென்றால் கணக்கை மூடும், நேர்மையற்றதென்றால் இதையே காரணம் காட்டிப் பணத்தை அமுக்கும். மத்தியத் தடைக்கு முன், ரம்மி போன்ற பண ஆட்டங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அறவே தடுத்தன, ஆதார் வழியாகச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின, இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லின. அதே வருடம் ஜூனில் உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. உன்னைப் போன்ற பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட விதி அது.

அப்பாவிடம் சொல்லிவிடு. பணம் போன கணக்குகளில் ஒன்று சிக்கினால் போலீஸ் கடிதம் அப்பா பெயருக்குத்தான் வரும். அது வந்த பிறகு தெரிவதைவிட இப்போது நீயே சொல்வது மேல்.

முதல் டெபாசிட்டுக்கு 5,000 போனஸ் கொடுத்தாங்க. இப்ப அதை எடுக்க முடியாதுங்கிறாங்க.

விதிமுறைப் பக்கத்தில் "35 மடங்கு" என்றோ "40 மடங்கு" என்றோ ஒரு வரி இருக்கும். 5,000 ரூபாய் போனஸுக்கு 35 மடங்கு என்றால், மொத்தம் 1,75,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்த பிறகுதான் அது எடுக்கக் கூடிய பணமாகும். ஸ்லாட் ஆட்டம் 100 ரூபாய்க்குச் சராசரியாக 96 ரூபாய் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,75,000 ரூபாயில் 4 சதவீதம் 7,000. அதாவது 5,000 ரூபாயை விடுவிக்கச் சராசரியாக 7,000 ரூபாய் தோற்க வேண்டும். இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டியபோது அந்த சூப்பர்வைசர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சில தளங்களில் போனஸையும் நீங்கள் போட்ட பணத்தையும் சேர்த்து மடங்கு போடுவார்கள். அப்போது உங்கள் சொந்தப் பணமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும்.

வித்ட்ரா கொடுத்து ஒன்பது நாளாச்சு, பெண்டிங்னே காட்டுது. கேன்சல் பண்ணிட்டு மறுபடி கொடுக்கவா?

கேன்சல் செய்யாதீர்கள். செய்தால் தொகை மறுபடி ஆட்டக் கணக்குக்கு வந்து நிற்கும். அதை அடுத்த வித்ட்ரா வரை தொடாமல் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பெண்டிங்கில் இருக்கும் பணத்தைத் திரும்ப ஆட்டத்துக்கு இழுக்கும் வசதியே இருக்கக் கூடாது என்று பிரிட்டன் தடை போட்டதற்கு இதுதான் காரணம்.

நாள், நேரம், தொகை, கோரிக்கை எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பிய ஒவ்வொரு யுபிஐ ஐடியையும் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். புகாரில் முதலில் கேட்பது அதைத்தான். "இன்னும் 10,000 போட்டால் விஐபி வரிசையில் உடனே வரும்" என்று சாட்டில் சொல்வார்கள். போடாதீர்கள்.

30 சதவீதம் வரி கட்டினாதான் பணத்தை விடுவோம்னு சொல்றாங்க. கட்டலாமா?

கட்டவே கூடாது. இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன், இதில்தான் அதிகப் பணம் போவதையும் பார்த்திருக்கிறேன். 20,000 போட்டவர், திரையில் 3,40,000 இருப்பதைப் பார்த்து, வரி என்று 1,02,000 ரூபாயை மனைவியின் நகையை அடகு வைத்து அனுப்பினார். அடுத்து ஜிஎஸ்டி கேட்டார்கள். அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்றார்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

30 சதவீதம் என்ற எண் உண்மையான சட்டத்திலிருந்து திருடியது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கு 30 சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரிச் சட்டத்தில் 194பிஏ பிரிவு வந்தது. ஆனால் டிடிஎஸ் என்றாலே கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. சம்பளத்தில் பிடிப்பது போல. உங்களுக்கு 10,000 வர வேண்டும் என்றால் 3,000 கழித்து 7,000 வரும், அவ்வளவுதான். ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீதம் வந்தபோது அதை நீங்கள் உள்ளே போடும் தொகையின் மீது கணக்கிட்டார்கள், எடுக்கும்போது கேட்கவில்லை. வரியைத் தனியாக யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி, இதில் விதிவிலக்கே கிடையாது.

முன்னாடி ரம்மி ஆப்ல ஜெயிச்சப்ப நிஜமாவே டிடிஎஸ் பிடிச்சாங்க. அது திரும்ப வருமா?

இந்தியாவில் பதிவாகி, பான் எண் வாங்கி நடந்த நிறுவனங்கள் முறையாகவே பிடித்தன. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை வருமான வரித் தளத்தில் பாருங்கள், நிறுவனத்தின் பெயரோடு இருக்கும். வருடத்தில் எடுத்த தொகையோடு கடைசி இருப்பைக் கூட்டி, போட்ட தொகையையும் ஆரம்ப இருப்பையும் கழித்தால் நிகர வெற்றி. 40,000 போட்டு 55,000 எடுத்து, முன்னும் பின்னும் இருப்பு இல்லை என்றால் 15,000 நிகரம், 4,500 டிடிஎஸ்.

இந்த வருமானத்துக்கு மொத்த வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தட்டையாக 30 சதவீதம், அதோடு 4 சதவீத செஸ். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. ஆகவே பிடித்தது அப்படியே திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவத்தில் இதைக் காட்ட முடியாது, பெரும்பாலும் ஐடிஆர்-2 வேண்டும். சம்பளக்காரர்கள் இதில்தான் தவறு செய்து நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

ஜெயிச்ச 18,000 அக்கவுண்டுக்கே வந்துடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு பேங்க் அக்கவுண்டையே முடக்கிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

மேலே வாடகைக் கணக்கு பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு 18,000 வந்த கணக்கில், அதே நாளில் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு பெரியவர் டிஜிட்டல் கைது மோசடியில் (போலீஸ் என்று வீடியோ காலில் மிரட்டிப் பறிப்பது) இழந்த பணமும் வந்திருக்கும். அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் புகார் செய்கிறார். அந்தப் பணம் எங்கெங்கு பிரிந்து போனதோ அந்தக் கணக்குகளுக்கெல்லாம் வங்கிகள் வழியாகத் தடை போகிறது. மூன்றாவது, நான்காவது கண்ணியில் இருக்கும் உங்கள் கணக்கும் அதில் மாட்டுகிறது. சம்பளம், வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் எல்லாம் நின்றுபோகும்.

முதலில் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்: புகார் எண் என்ன, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குத் தடை. குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தியிருந்தால் மீதியை எடுக்கலாம். கணக்கையே முடக்கியிருந்தால், அந்த விசாரணை அதிகாரிக்கு ஸ்டேட்மென்ட், அடையாள ஆவணத்தோடு விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். சர்ச்சைக்குரிய தொகைக்கு மேல் மொத்தக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. விளக்கத்துக்குப் பதிலே வராவிட்டால் வக்கீல் மூலம் அந்த வழியில் போகலாம்.

விளக்கத்தில் "நண்பர் கடனைத் திருப்பித் தந்தார்" என்று எழுதாதீர்கள். பலர் அப்படி எழுதி, அந்த நண்பர் யார் என்று அடுத்த கேள்வி வந்ததும் விழித்தார்கள். ஆட்டத்தில் வந்த பணம் என்ற உண்மையை ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு எழுதுவதே நல்லது. தவணை நிற்கும் என்றால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிரிப்டோல வாங்கினா இந்தத் தொல்லை இல்லைல்ல?

வேறு தொல்லை வரும். கிரிப்டோவை ஒருமுறை அனுப்பினால் திருப்பி எடுக்க எந்த வங்கியும் கிடையாது, தவறான நெட்வொர்க்கில் அனுப்பினால் அதோடு போச்சு. அதை ரூபாயாக மாற்ற முகம் தெரியாத ஒருவரிடம் விற்கும்போது அவர் அனுப்பும் ரூபாயும் வாடகைக் கணக்கிலிருந்து வரலாம், மேலே சொன்ன முடக்கம் அப்படியே நடக்கும். போதாததற்கு கிரிப்டோ லாபத்துக்குத் தனியே 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ்.

அந்த சைட்ல லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டிருக்கே சார். குராசோ கவர்ன்மென்ட்னு.

குராசோ என்பது கரீபியன் கடலில் நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்த ஒரு தீவு. அங்கே நீண்ட காலம் ஒரு சில மூல உரிமக்காரர்கள் மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மேற்பார்வை குறைவு. 2024 டிசம்பரில் அங்கேயே புதிய சட்டம் கொண்டு வந்து அதை மாற்றினார்கள். தளத்தின் அடியில் இருக்கும் முத்திரையை அழுத்திப் பாருங்கள். உரிமம் கொடுத்த அமைப்பின் சொந்தப் பக்கத்துக்குப் போகாமல் வெறும் படமாக நின்றால் அது பொய்.

நிஜமான உரிமமாகவே இருந்தாலும் அது அந்தத் தீவின் உரிமம். இந்தியாவில் அதற்கு மதிப்பு இல்லை. உங்கள் புகாரை எடுத்துக்கொண்டு எந்த நுகர்வோர் நீதிமன்றத்திலும் அந்தத் தளத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது.

மச்சான் லண்டன்ல இருக்கான். அவன் பேர்ல அக்கவுண்ட் திறந்து நான் இங்கிருந்து ஆடினா?

மச்சானை மாட்டிவிடுவீர்கள். அங்கே சரிபார்ப்பு எவ்வளவு கறாராக இருக்கும் என்று மேலே சொன்னேன். பணமும் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் கட்டவும் முடியாது. இங்கிருந்து நுழைந்தது தெரிந்தால் கணக்கை மூடி ஆவணம் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியவர் மச்சான்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்களும் கவனிக்க வேண்டும். அங்கே 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாத தளத்தில் ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அதற்குப் பிறகு அங்கே நிலைப்பது கஷ்டம்.

அக்கவுண்டை மட்டும் கொடு, மாசம் 10,000 தர்றேன்னு ஒரு அண்ணன் கேட்கிறாரு. நான்தான் ஆடலையே?

நீங்கள் ஆடவில்லை, ஆனால் பணம் உங்கள் பெயரில்தான் ஓடும். புகார் வரும்போது முதலில் தேடி வருவது அந்த அண்ணனை இல்லை, கணக்கில் பெயர் இருக்கும் உங்களை. கல்லூரிப் பிள்ளைகள் இதில் கைதாகியிருக்கிறார்கள். சிம்மையும் ஏடிஎம் கார்டையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், சிம்மைத் தடை செய்யுங்கள், காவல் நிலையத்துக்கு நீங்களே முதலில் போங்கள்.

போன பணத்தை மீட்டுத் தர்றோம்னு டெலிகிராம்ல ஒருத்தர் பேசினாரு. 15,000 கேட்கிறாரு.

அவரும் அதே கூட்டம்தான், அல்லது அவர்களிடமிருந்து உங்கள் நம்பரை வாங்கிய கூட்டம். முன்பணம் கேட்டு மீட்டுத் தருவதாகச் சொல்பவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

1930-க்கு போன் பண்ணினா என் மேலயே கேஸ் வந்துடுமா?

இந்தப் பயத்தில்தான் பலர் புகாரே கொடுப்பதில்லை, மோசடிக்காரனும் அதை நம்பித்தான் இருக்கிறான். மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இருப்பதை மேலே சொன்னேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வரி என்றும் சரிபார்ப்புக் கட்டணம் என்றும் சொல்லி வாங்கியது மோசடி. அதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுங்கள். ஆனால் நாள் கடத்தாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் 1930-இல் சொன்னால்தான் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வங்கியே பணத்தைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை என்ற 2017-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி, உங்களுக்குத் தெரியாமல் போன பணத்துக்கானது. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு அது வராது.

என் வீட்டுக்காரர் நிறுத்த மாட்டேங்கிறாரு. விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்துறேங்கிறாரு. நான் என்ன பண்ண?

அம்மா, அவரோடு சண்டை போடுவதால் மட்டும் இது நிற்காது. பணம் போகும் வழியை முதலில் சுருக்குங்கள். வங்கி ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பைக் குறைக்கலாம். அவர் சம்மதித்தால் சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்தே நீக்கிவிட்டு, செலவுக்கு மட்டும் சின்னக் கணக்கு ஒன்றை வையுங்கள். நகை லாக்கர் சாவி, உங்கள் ஏடிஎம் கார்டு, உங்கள் போன் பின் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். அவருக்காக நீங்கள் கடன் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் ஆதாரையும் கொடுக்காதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று அவரையே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முழுத் தொகையும் வெளியே வந்தால்தான் வீட்டில் ஒரு வழி பேச முடியும்.

தூக்கம் கெட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரி அவர் பேசினால் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். நீங்கள் உங்களுக்காகவும் அந்த எண்ணைக் கூப்பிடலாம்.